ஜப்பான் சின்ன ஊர்ல ராத்திரி பார், ஸ்னாக், கிளப்: வெளிநாட்டுக்காரனை உள்ள விடுவாங்களா?

எண்ணூர்_ஃபிட்டர்:

அண்ணன்மாருக்கு வணக்கம். எண்ணூர் பக்கம் உதிரிபாகக் கம்பெனியில வேலை. ஆறு மாச டிரெய்னிங்குக்கு ஜப்பான்ல ஹமாமட்சுக்கு அனுப்பறாங்க. கூட ரெண்டு பேர் வராங்க, ஒருத்தர் தண்டையார்பேட்டை, ஒருத்தர் திருவொற்றியூர். மூணு பேருக்கும் இருபத்தஞ்சு தாண்டியாச்சு. தங்கறது ஊருக்கு வெளிய கம்பெனி டார்மிட்டரி.

டோக்கியோ பத்தி யூடியூப்ல வண்டி வண்டியா கிடக்குது. ஹமாமட்சு மாதிரி ஊருக்கு ஒண்ணுமே இல்ல. சனிக்கிழமை ராத்திரி வெளிய போனா பார், ஸ்னாக், பொண்ணுங்க உக்காந்து பேசற கிளப்பு, இதுக்கெல்லாம் நம்மள விடுவாங்களா, வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்களா? ஒரு ராத்திரிக்கு எவ்வளவு எடுத்துட்டுப் போகணும்? எங்க ஏமாத்துவாங்க? போலீஸ் தொல்லை உண்டா? ஜப்பான் பாஷை மூணு பேருக்கும் ஆரம்பப் பாடம் அளவுதான். தெரிஞ்சவங்க வெளிப்படையா சொல்லுங்க, அறிவுரை வேணாம்.

பெரம்பூர்_நிஹோங்கோ:

தம்பி, கடை எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டுட்டே. வகையைப் பொறுத்துதான் கதவு திறக்கும்.

இசகாயா, அதாவது சாப்பாடும் சரக்கும் சேர்ந்த கடை. இங்க வெளிநாட்டுக்காரன்னு யாரும் நிறுத்த மாட்டாங்க. உக்காந்ததும் கேக்காமலே ஒரு சின்னக் கிண்ணத்துல ஏதோ ஒண்ணு வரும். அது இலவசம் கிடையாது, தலைக்கு 300ல இருந்து 500 யென் பில்லுல ஏறும். அதுதான் உக்கார்ற கட்டணம். சண்டை போடாதே, அங்க எல்லாரும் கட்டறது. மீன், கறி ஏதாவது கலந்திருக்கும், சைவக்காரர் கூட வந்தா முன்னாடியே சொல்லிடணும். 'நோமிஹோதாய்'ன்னு போர்டு இருந்தா 90 நிமிஷமோ ரெண்டு மணி நேரமோ எவ்வளவு வேணா குடிக்கலாம். ஆனா மேசையில ஒருத்தர் எடுத்தா எல்லாரும் எடுத்தாகணும்னுதான் பெரும்பாலும் விதி.

ஸ்னாக். உன் கேள்விக்கு உண்மையான பதில் இங்கதான் இருக்குது. சின்ன ஊரோட ராத்திரி வாழ்க்கையே ஸ்னாக்தான். நாலு மாடி, அஞ்சு மாடிக் கட்டடம், பக்கவாட்டுல ஒண்ணு மேல ஒண்ணா விளக்குப் பலகை, ஒவ்வொண்ணும் ஒரு கடை. லிஃப்டுல மேல போனா ஜன்னலே இல்லாத கனமான கதவு. உள்ள எட்டுப் பத்து சீட்டு, ஒரு கவுன்டர், அதுக்குப் பின்னாடி 'மாமா'ன்னு கூப்பிடற முதலாளியம்மா. கூட ஒண்ணு ரெண்டு பொண்ணுங்க இருப்பாங்க. சூடான கைத்துண்டு, ஐஸ் வாளி, விஸ்கியோ, ஷோச்சுங்கற ஜப்பான் சாராயமோ தண்ணி கலந்து அவங்களே ஊத்தித் தருவாங்க. பேச்சு, கராவோகே, அவ்வளவுதான். தொடறது, தள்றது எதுவும் கிடையாது. பக்கத்து சீட்டுல அறுபது வயசு உள்ளூர்ப் பெரியவர் பாடிக்கிட்டு இருப்பார்.

இங்க ஏன் மறுக்கறாங்கன்னா, மாமாவுக்கு இங்கிலீஷ் வராது, உனக்கு ஜப்பானிஸ் வராது. அவங்க விக்கறதே பேச்சுதான். பேச முடியாதவன் ஒரு மணி நேரம் உக்காந்தா பக்கத்துல இருக்கற வாடிக்கையும் அமைதியாயிடும். ரெண்டாவது, விலை போர்டுல இருக்காது. கடைசியில தகராறு வருமோன்னு பயம். மூணாவது, முன்பின் தெரியாத ஜப்பான்காரனையே திருப்பி அனுப்பற கடைங்க உண்டு, தெரிஞ்சவர் கூட்டிட்டு வந்தாத்தான் சீட்டு. கதவுல ஏதோ எழுதியிருந்தா போன் கேமராவுல டிரான்ஸ்லேட் போட்டுப் பாரு, 'மெம்பர் மட்டும்'னு வந்தா தட்டாதே. அது நம்மளுக்காக மட்டும் எழுதினது இல்ல.

திறக்க வைக்கற வழி ஒண்ணே ஒண்ணுதான் நிச்சயம்: லைன்ல கூட வேலை பாக்கற ஜப்பான்காரரோட போறது. முதல் தடவை அவரோட போய், ரெண்டாவது தடவை தனியாப் போனா அதே கதவு திறக்கும். அந்த ரெண்டாவது தடவைதான் நீ வாடிக்கை. ஆறு மாசம் தங்கறவன் 'பாட்டில் கீப்' எடுக்கலாம். ஒரு விஸ்கியோ ஷோச்சுவோ 5,000ல இருந்து 8,000 யென் குடுத்து வாங்குவே, பாட்டில் மேல வெள்ளைப் பேனாவுல உன் பேரு எழுதி அலமாரியில வெச்சிடுவாங்க. பல கடையில மூணு மாசம் வரைக்கும் காத்திருக்கும். அடுத்த தடவை போனா செட் காசு, அதாவது உக்கார்ற கட்டணம், மட்டும் கட்டினா போதும். 'குமார்'னு கட்டகானா எழுத்துல ஒரு பாட்டில் அலமாரியில நின்னா அந்தக் கடையில உன்னை யாரும் மறுக்கப் போறதில்ல.

ஆள் இல்லாம தனியாப் போகணும்னா எட்டு, எட்டரைக்கே போ. கடை காலியா இருக்கும், மாமாவுக்கும் பொழுது போகணும். பத்து மணிக்கு மேல வேற எங்கயோ குடிச்சுட்டு மூணு பேரா போய் நின்னா 'சீட்டு இல்ல'ன்னுதான் பதில். கதவைப் பாதி திறந்து, உள்ள கால் வைக்காம, விரலைக் காட்டி "ஹிதோரி தெஸ், டைஜோபு தெஸ்கா" கேளு. ஒருத்தன்தான், சரியான்னு அர்த்தம். மூணு பேர்னா "சன்னின் தெஸ்". கைய ரெண்டும் பெருக்கல் குறி மாதிரி வெச்சுக் காட்டினா வேணாம்னு சொல்றாங்க. தலையாட்டிட்டு அடுத்த மாடிக்குப் போ. தலையாட்டி உள்ள கூப்பிட்டா, உக்கார்றதுக்கு முன்னாடியே "செட் இகுரா தெஸ்கா", அதாவது செட் எவ்வளவுன்னு, கேட்டுடு. கேக்கறது மரியாதைக்குறைவு கிடையாது. கேக்கற வெளிநாட்டுக்காரனைப் பாத்தா அவங்களுக்கே நிம்மதி, பின்னாடி தகராறு வராதுன்னு தெரியும்.

உள்ள போன பிறகு கெடுக்கற விஷயம் எதுன்னா: வாட்ஸப் வீடியோ கால் போட்டு 'மச்சான் எங்க இருக்கேன் பாரு'ன்னு காட்டறது. நம்ம பசங்க தவறாம பண்றது இது. கடையில மத்தவங்க முகமும் வீடியோவுல விழும், அதோட முடிஞ்சுது. கேக்காம போட்டோவும் எடுக்காதே. ஒரு கிளாஸ் வாங்கி ரெண்டு பேர் பகிர்றது, பேரம் பேசறது, பைக்குள்ள இருந்து சொந்த பாட்டிலை எடுக்கறது, தொடர்ந்து ரெண்டு பாட்டு பாடறது, எல்லாம் அதே கணக்குதான். அடுத்தவர் பாடி முடிச்சா கைத்தட்டு. மெஷின்ல தமிழ்ப் பாட்டு கிடைக்காது, ரெண்டு மூணு பழைய இங்கிலீஷ் பாட்டு தயார் பண்ணிட்டுப் போ.

கேர்ள்ஸ் பாருல பொண்ணுங்க கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்னுதான் பேசுவாங்க. ஸ்னாக்கை விட இளசு, விலை போர்டுல இருக்கும், வெளிநாட்டுக்காரனை விடறதும் கொஞ்சம் சுலபம். கியபகுராவுல பக்கத்துல உக்காருவாங்க, அங்க மறுப்பு அதிகம், காசும் பல மடங்கு. ஹமாமட்சுல இன்னொரு வழி இருக்குது, பிலிப்பைன்ஸ் பொண்ணுங்க உபசரிக்கற பிலிப்பீனா பப். அந்தப் பக்கம் ரொம்ப வருஷமா ஃபேக்டரி ஊர். 1990ல குடிவரவுச் சட்டம் மாறின பிறகு ஜப்பான் வம்சாவளி பிரேசில்காரங்க நிறைய வந்து தங்கிட்டாங்க, பிலிப்பைன்ஸ்காரங்களும் உண்டு. அதனால வேற நாட்டு முகம் அந்த ஊருக்குப் புதுசில்ல. பிலிப்பீனா பப்புல இங்கிலீஷ் ஓடும், விலையை முழுசாக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். பாஷை வராதவன் ஆரம்பிக்க ஏத்த இடம் அதுதான்.

இடம்னு பாத்தா ஸ்டேஷன் வடக்குப் பக்கம் யூராகுகாய் தெருவும் சிதோசே வட்டாரமும். நடந்தே போயிடலாம்.

காலடிப்பேட்டை_கணக்கு:

மேல சொன்னதுல காசு விவரம் கம்மியா இருக்குது, நான் போடறேன். ஒரு யென் இப்ப 55, 60 பைசா பக்கம், மாறிக்கிட்டே இருக்கும்.

ஸ்னாக் செட் சின்ன ஊர்ல 3,000ல இருந்து 5,000 யென். அதுல ஐஸ், தண்ணி, கொறிக்க ஒரு தட்டு. சில கடையில நேரக் கணக்கு கிடையாது, சில கடையில 60 அல்லது 90 நிமிஷம். கராவோகே சில இடத்துல சேர்த்தி, சில இடத்துல பாட்டுக்கு 100, 200 யென். மாமாவுக்கோ பொண்ணுக்கோ ஒரு கிளாஸ் வாங்கித் தர்றது பழக்கம், 700ல இருந்து 1,000 யென். "நான் குடிக்கல, சும்மா கூட வந்தேன்"னு சொன்னாலும் தலைக்கு செட் உண்டு. தண்டையார்பேட்டைக்காரர் குடிக்கலைன்னா அவருக்கும் காசு, ஞாபகம் வெச்சுக்கோங்க.

கியபகுரா பில்லு எப்படி ஏறுதுன்னு ஒரு கணக்கு பாருங்க. வாசல் போர்டுல '60 நிமிஷம் 5,000 யென்'. உள்ள ரெண்டு மணி நேரம் இருக்கீங்க. முதல் செட் 5,000. அப்புறம் அரை மணிக்கு 3,000 வீதம் ரெண்டு நீட்டிப்பு, 6,000. இந்தப் பொண்ணுதான் வேணும்னு சொன்னதுக்கு 2,000. அவங்களுக்கு வாங்கின மூணு கிளாஸ் 3,000. கூட்டினா 16,000. இதுக்கு மேல சர்வீஸ் சார்ஜும் வரியும் சேத்து 30 சதம்னு வெச்சா 4,800. மொத்தம் 20,800 யென், நம்ம காசுல 12,000 ரூபாய் கிட்ட. இதுல யாரும் ஏமாத்தல, எல்லாம் கடை விதிப்படி. போர்டுல இருந்தது மட்டும் 5,000.

இதுல கத்தி எங்க இருக்குன்னா நீட்டிப்புல. பல கடையில நேரம் முடிஞ்சா கேக்காமலே நீளும், ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும். உக்காரும்போதே "என்ச்சோ நாஷி தெ ஒனெகாய் ஷிமாஸ்"னு சொல்லிடுங்க, நீட்டிப்பு வேணாம்னு அர்த்தம். போன்ல 50 நிமிஷத்துக்கு அலாரம் வைங்க. அலாரம் அடிச்சதும் "ஒகாய்கே"ன்னு சொன்னா பில்லு வரும். சர்வீஸ் சார்ஜ் சதவீதம் விலைப் பட்டியல்ல கடைசி வரியில பொடி எழுத்துல இருக்கும், 20ல இருந்து 35 வரைக்கும் பாக்கலாம். எல்லாம் சேத்து எவ்வளவுன்னு கேக்க "ஜென்பு தெ இகுரா".

ஸ்னாக் பில்லு வேற விதம். உள்ளங்கை அளவு சின்னச் சீட்டு, அதுல கையால ஒரே ஒரு தொகை. விவரம் எதுவும் இருக்காது. அதுக்காக ஏமாத்தறாங்கன்னு நினைக்காதீங்க, அங்க வழக்கம் அப்படி. சந்தேகம் வந்தா பொறுமையா ஒவ்வொண்ணா கேளுங்க, எழுதிக் காட்டுவாங்க.

கார்டை நம்பாதீங்க. ஸ்னாக் நிறைய பணம் மட்டும்தான் வாங்கும். செவன் இலெவன் கடை ஏடிஎம்ல வெளிநாட்டு கார்டுக்குப் பணம் வரும், அதையும் சாயங்காலமே எடுத்துடுங்க. இசகாயாவும் ஒரு ஸ்னாக்கும்னா தலைக்கு 8,000 யென் போதும். கியபகுரான்னா 20,000 இல்லாம கதவைத் தொடாதீங்க. டிப்ஸ் குடுக்கற பழக்கம் அங்க இல்ல. மீதிக் காசை விட்டுட்டு வந்தா ஓடி வந்து குடுப்பாங்க.

எண்ணூர்_ஃபிட்டர்:

ரொம்ப நன்றிணா ரெண்டு பேருக்கும். ஒரு சந்தேகம். தெருவுல நின்னு கூப்பிடறவங்க இருப்பாங்களாமே, அவங்களே வெளிநாட்டுக்காரன் பரவால்லன்னு கூட்டிட்டுப் போனா மறுக்கற பிரச்னை இருக்காதுல்ல? அப்புறம் நம்ம முகத்தைப் பாத்து விடமாட்டேன்னு சொன்னா அங்க சட்டம் ஒண்ணும் இல்லையா?

வியாசர்பாடி_வக்கீல்:

தெருவுல கூப்பிடறவன் பின்னாடி போகாதீங்க. முதல் விதி அது. ஆள் பிடிக்கறதுக்கு எதிரா பல ஊர்ல உள்ளூர்ச் சட்டம் இருக்குது. அதை மீறி நிக்கறவன் கூட்டிட்டுப் போற கடை நேர்மையா இருக்கும்னு எதிர்பார்க்க முடியாது. நேர்மையான ஸ்னாக்குக்கு தெருவுல ஆள் நிறுத்தற தேவையே இல்ல. வழக்கமான ஏமாத்து இப்படி: 'எல்லாம் சேத்து 3,000'ன்னு வாயால சொல்லுவான். உள்ள போனா அவன் காணாமப் போயிடுவான். பில்லுல உக்கார்ற கட்டணம், ஐஸ் கட்டணம், விடுமுறைக் கட்டணம்னு வரிசையா ஏறி அறுபதாயிரம் யென் ஆகும். பணம் இல்லன்னா ஒருத்தன் ஏடிஎம் வரைக்கும் கூடவே வருவான்.

மாட்டிக்கிட்டா என்ன பண்ணணும்? கைய ஓங்காதீங்க, தள்ளாதீங்க. நீங்க தொட்டா கைதாகப் போறது நீங்கதான். சொன்ன 3,000ஐ மேசையில வெச்சு, மீதிக்கு "கோபான்"னு சொல்லுங்க, அது பக்கத்துப் போலீஸ் பூத். நீங்களே 110க்கும் போன் பண்ணலாம். போலீஸ் வந்தாலும் 'இது உங்க ரெண்டு பேர் கணக்கு'ன்னு ஒதுங்கித்தான் நிப்பாங்க, பில்லைக் கிழிச்சுப் போட மாட்டாங்க. ஆனா பூத் முன்னாடி நின்னு பேசினா தொகை இறங்க வாய்ப்பு உண்டு. கார்டுல பின் நம்பர் போட்டுக் கட்டிட்டா அப்புறம் பேங்க்ல திரும்ப வாங்கறது ரொம்பக் கஷ்டம். பாஷை உதவிக்கு ஜப்பான் சுற்றுலா அமைப்போட இருபத்திநாலு மணி நேர நம்பர் இருக்குது, 050-3816-2787. இங்கிலீஷ்ல பேசலாம்.

இப்ப சட்டம். தனியார் கடை இனம் பாத்து மறுத்தா அதைக் குற்றமாக்கற தேசியச் சட்டம் ஜப்பான்ல கிடையாது. வாசல்ல நின்னு போலீஸைக் கூப்பிட்டாலும் உள்ள விடுன்னு அவங்க சொல்ல மாட்டாங்க. சிவில் வழக்குதான் வழி. வேடிக்கை என்னன்னா, இதுல முன்னோடித் தீர்ப்பு நீங்க போற ஊர்லயே வந்தது. 1998ல ஹமாமட்சு நகைக்கடை ஒண்ணு பிரேசில் நாட்டுப் பெண் பத்திரிகையாளரை வெளியே போகச் சொல்லிச்சு. 1999ல ஷிசுவோகா மாவட்ட நீதிமன்றத்தோட ஹமாமட்சுக் கிளை, இனப்பாகுபாட்டுக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தத்தை எடுத்துச் சொல்லி 15 லட்சம் யென் நஷ்டஈடு குடுக்கச் சொல்லிச்சு. 2002ல ஒதாரு ஊர் வெந்நீர்க் குளியல் கூடம் 'ஜப்பானியர் மட்டும்'னு பலகை வெச்ச வழக்குல சப்போரோ நீதிமன்றம் மூணு பேருக்குத் தலா 10 லட்சம் யென் தரச் சொல்லிச்சு. ஆக மறுக்கறது அங்கயும் தப்புதான், ஆனா பரிகாரம் கிடைக்க வருஷக்கணக்கு ஆகும். புகார் மட்டும் பதியணும்னா நீதி அமைச்சகத்தோட வெளிநாட்டு மொழி மனித உரிமை நம்பர் 0570-090911. இங்கிலீஷ் உண்டு, தமிழும் இந்தியும் இல்ல.

பெரம்பூர்காரர் எல்லா மறுப்பையும் பாஷைன்னு சொல்லிட்டுப் போறார். அதுல எனக்கு முழு சம்மதம் இல்ல. ஜப்பானிஸ் சரளமாப் பேசறவனையும் தோலைப் பாத்துத் திருப்பி அனுப்பற கடைங்க இருக்குது. அந்த இடத்துல நம்ம பக்கம் ஒரு குறையும் இல்ல.

கேக்காம கேட்ட இன்னொரு கேள்வி எல்லாருக்கும் புரியுது, அதுக்கும் சொல்லிடறேன். 1956ல போட்ட சட்டப்படி அங்க விபச்சாரம் தடை. அதுக்கு வெளிய லைசென்ஸோட ஓடற வேற வகைக் கடைங்க உண்டு. சின்ன ஊர்ல அதுல பெரும்பாலானது வெளிநாட்டுக்காரனை சேக்கறதில்ல. 'எல்லாரையும் விடுவோம்'னு தெருவுல கூட்டிட்டுப் போறது நான் மேல சொன்ன பில்லுக்குத்தான். அந்த இடத்துல வேலை செய்யற பொண்ணு தன் விருப்பத்துல இருக்காளான்னும் உங்களுக்குத் தெரியாது. 2023ல அங்க பாலியல் குற்றச் சட்டம் மாறிச்சு, சம்மதம் இல்லாததே குற்றத்தோட அடிப்படை. ரகசியமா அந்தரங்கப் படம் எடுக்கறதுக்கும் அதே வருஷம் ஜூலையில தனிச் சட்டம் வந்துச்சு. கேர்ள்ஸ் பாருல கவுன்டரைத் தாண்டி கை நீட்டறதுகூட போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகலாம். கைதானா குற்றப்பத்திரிகைக்கு முன்னாடியே 23 நாள் வரைக்கும் உள்ள வைக்கலாம். அப்படி ஆனா முதல் வார்த்தையா இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்க, அது உங்க உரிமை.

நேர விதியும் தெரிஞ்சுக்கோங்க. பக்கத்துல உக்காந்து உபசரிக்கற கியபகுரா ராத்திரி 12க்கு மூடணும், சில வட்டாரத்துல 1 மணி. கேர்ள்ஸ் பார் விடிய விடிய ஓடலாம், ஆனா பக்கத்துல வந்து உக்காரக் கூடாது. 1 மணிக்கு மேல ஒரு கடையில பொண்ணு வந்து பக்கத்துல உக்காந்தா அது லைசென்ஸ் மீறின கடை, எழுந்து வந்துடுங்க. 2025 ஜூன்ல தண்டனையை ஏத்திட்டாங்க. லைசென்ஸ் இல்லாம நடத்தினா முதலாளிக்கு 5 வருஷம் வரைக்கும் ஜெயில், கம்பெனிக்கு 30 கோடி யென் வரைக்கும் அபராதம். ரெய்டு வந்தா வாடிக்கை மேல வழக்கமா கேஸ் இருக்காது, ஆனா உங்க கார்டைக் கேப்பாங்க.

அந்த கார்டுதான் முக்கியம். மூணு மாசத்துக்கு மேல தங்கறவங்களுக்கு இருப்பிட அட்டை குடுப்பாங்க, பெரிய ஏர்போர்ட்னா இறங்கினதுமே கையில வரும். எப்பவும் சட்டைப்பையில இருக்கணும். இல்லன்னா 2 லட்சம் யென் வரைக்கும் அபராதம் போடலாம். வயசு பாக்க கடையில காட்டலாம், குடிக்க 20 வயசு அங்க. ஆனா பில்லுக்கு அடமானமா குடுக்காதீங்க. 'எங்க கடையில பார்ட் டைம் பாக்கறியா'ன்னு யாராவது கேட்டாலும் வேணாம். டிரெய்னிங் விசாவுல வெளி வேலையே கூடாது. ஸ்டூடன்ட் விசாவுக்கு வாரம் 28 மணி நேரம் அனுமதி உண்டு, ஆனா இந்த மாதிரி கடையில பாத்திரம் கழுவறதுகூட அதுல சேராது.

ராயபுரம்_போசன்:

கப்பல்ல வர்ற பசங்களும் இதைப் படிப்பாங்க, அவங்களுக்காக நாலு வரி. உங்களுக்கு இருப்பிட அட்டை கிடையாது. ஏஜென்ட் மூலமா குடிவரவு அதிகாரி குடுக்கற தரையிறங்கும் அனுமதிதான் ஆதாரம், ஒரு துறைமுகம்னா 7 நாள் வரைக்கும், பல துறைமுகம்னா 15 நாள் வரைக்கும். அந்தச் சீட்டு கையில இல்லாம கேட்டைத் தாண்டாதீங்க. அதுல எந்த எல்லைக்குள்ள போகலாம்னு இருக்கும், அதை மீறி வேற ஊருக்கு ரயில் ஏறினா கப்பலுக்கே தலைவலி.

கார் கப்பல் நிக்கற டெர்மினல் எல்லாம் ஊருக்கு வெளிய ஒதுக்குப்புறம். நடந்து போற தூரத்துல ஒண்ணும் இருக்காது. டாக்சிதான். ராத்திரி 10ல இருந்து காலை 5 வரைக்கும் டாக்சிக்கு 20 சதம் கூடுதல். திரும்பி வர டாக்சி சின்ன ஊர்ல தெருவுல ஓடாது, கடையில சொல்லி போன் பண்ணச் சொல்லணும். வார நாள்ல 1 மணிக்கு மேல அதுவும் அரை மணி நேரம் ஆகும். டெர்மினல் பேரையும் கேட் நம்பரையும் ஜப்பானிஸ்ல எழுதின சீட்டை ஏஜென்ட் கிட்டயே வாங்கி வைங்க, டிரைவருக்கு கப்பல் பேர் சொன்னா புரியாது. கப்பல் கிளம்பற நேரத்தை மட்டும் பாக்காதீங்க, ஷோர் லீவ் முடியற நேரம் அதுக்கு முன்னாடியே போர்டுல எழுதியிருக்கும்.

ஆறு பேர் சேர்ந்து போறதுதான் நம்மாளுங்க பழக்கம். எட்டு சீட்டுக் கடையில ஆறு பேர் நுழைஞ்சா யாருமே விடமாட்டாங்க. ரெண்டு ரெண்டா பிரிஞ்சு போங்க.

எண்ணூர்_ஃபிட்டர்:

கடைசியா ஒண்ணு. டார்மிட்டரியில சைக்கிள் குடுப்பாங்களாம். ஸ்டேஷன் வரைக்கும் அதுலயே போய் வந்துடலாமா? லாஸ்ட் டிரெயின் விட்டா என்ன வழி?

பெரம்பூர்_நிஹோங்கோ:

போகும்போது ஓட்டலாம், குடிச்ச பிறகு ஓட்டக் கூடாது. 2024 நவம்பர் 1ல இருந்து சைக்கிளுக்கும் மூச்சு சோதனை, ஒரு லிட்டர் மூச்சுல 0.15 மில்லிகிராம் இருந்தா 3 வருஷம் வரைக்கும் ஜெயில் அல்லது 5 லட்சம் யென் வரைக்கும் அபராதம். குடிச்சவனுக்கு சைக்கிள் குடுத்தவனுக்கும் தண்டனை உண்டு. ஒரு பீருக்கே அந்த அளவு தாண்டலாம். தள்ளிக்கிட்டு நடந்து வந்தா தப்பில்ல, ஏறி உக்காந்தாத்தான் தப்பு. ராத்திரி லைட் இல்லாத சைக்கிளைப் போலீஸ் நிறுத்தறது அங்க தினசரி வேலை, நிறுத்தினதும் வாயை ஊதச் சொல்லுவான். சைக்கிள்ல ஒட்டியிருக்கற பதிவு ஸ்டிக்கர் யார் பேர்லன்னும் பாப்பான், அதனால கம்பெனி சைக்கிள்னு சொல்ல ஒரு சீட்டு வாங்கிக்கோ. கண்ட இடத்துல நிறுத்திட்டுப் போனா தூக்கிட்டுப் போயிடுவாங்க, ஸ்டேஷன் பக்கம் காசு குடுக்கற ஸ்டாண்டு இருக்குது.

லோக்கல் ரயிலும், என்ஷு லைன்ங்கற ஊர்த் தனியார் ரயிலும் நள்ளிரவு ஒட்டியே முடிஞ்சிடும். ஷின்கான்சென், அதாவது புல்லட் ரயில், ராத்திரி 12ல இருந்து காலை 6 வரைக்கும் எங்கயும் ஓடாது. சனிக்கிழமை நேர அட்டவணை வார நாள்ல இருந்து வேற, போன்ல பாத்துட்டுக் கிளம்பு. ரயில் போயிடுச்சுன்னா மூணு பேர் சேர்ந்து டாக்சி எடுக்கறது, இல்லன்னா தனி கராவோகே ரூம்ல விடியற வரைக்கும் இருக்கற ராத்திரி ரேட்டு, இல்லன்னா கேபின் போட்ட மாங்கா கஃபே, அதாவது காமிக்ஸ் படிக்கற கடை. அங்க குளிக்கற வசதியும் இருக்கும், உறுப்பினர் அட்டை போட உன் இருப்பிட அட்டையைக் கேப்பாங்க. கூட வர்ற ஜப்பான்காரர் கார்ல வந்திருந்தா அவரே ஓட்ட மாட்டார், 'தைகோ'ன்னு போன் பண்ணுவார். ரெண்டு டிரைவர் ஒரு கார்ல வந்து, ஒருத்தர் அவர் காரை ஓட்டுவார், இன்னொருத்தர் பின்னாடியே வருவார். அவர் கார்ல உன்னையும் ஏத்திக்க முடியுமான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோ, வழி ஒரே பக்கம்னா பெரும்பாலும் சரின்னுதான் சொல்லுவார்.